மிளகில்லாத மிளகு கேக்!

ஜெர்மனி போய்விட்டு வந்த ஆபீஸ் நண்பர் ஒரு தகர டப்பாவைத் திறந்து நீட்டினார். உள்ளே உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாக, பழுப்பாக ஏதோ ஒன்று.

"கேக்கா சார், பிஸ்கெட்டா?"

"ரெண்டும் இல்லை. முதல்ல சாப்பிடுங்க!"

கடித்தால்... பட்டை, கிராம்பு, ஏலக்காய்! பிரியாணிக்குப் போடுகிற சாமான் அத்தனையும் இனிப்புக்குள்!

பெயர், லெப்குக்கன். ஊர், நூரெம்பெர்க். அங்கே கிறிஸ்துமஸ் என்றால் இதுதான். இதன் பங்காளி ஒன்றுக்கு 'பெஃபர்குக்கன்' என்று பெயர். அதாவது, மிளகு கேக். ஆனால் பெரும்பாலும் அதில் மிளகு ஒரு சிட்டிகைகூட இருக்காது! கடல் தாண்டி வந்த வாசனைச் சரக்கு எதுவானாலும் அந்தக் காலத்தில் அவர்களுக்கு 'மிளகு'தான். எந்த வனஸ்பதியானாலும் நாம் 'டால்டா' என்று கேட்டோமே, அந்த மாதிரி.

நான் பி.காம். ஆசாமி. எதைத் தின்றாலும் வரவு செலவு பார்க்கத் தோன்றும். நூரெம்பெர்க்கில் ஏலக்காய் விளையாது, கிராம்பு விளையாது. பின் எப்படி இந்த ஊருக்கு இந்தப் பேர்?

சொந்தச் சரக்கு ஒன்று இருந்தது. தேன்! ஊரைச் சுற்றியிருந்த காட்டில் தேன் எடுப்பவர்களுக்கு 1350-ல் நான்காம் கார்ல் மன்னர் தனிச் சலுகைகள் கொடுத்தார். வில் வைத்துக்கொள்ளும் உரிமைகூட அவர்களுக்கு இருந்ததாம். தேனெடுக்கப் போகிறவர் கையில் வில்! சர்க்கரை அபூர்வமாயிருந்த காலத்தில் தேன் என்றால் சும்மாவா?

மற்றதெல்லாம் வெளிச் சரக்கு. நம்ம மலபார் மிளகும் ஏலமும், இலங்கைப் பட்டையும், மலுக்கு தீவுக் கிராம்பும் அரபிக்கடல், எகிப்து, வெனிஸ் என்று கை மாறி மாறி ஆல்ப்ஸ் மலை ஏறிப் போயின. வழியில் ஒவ்வொருத்தரும் ஒரு லாபம் வைத்தார்கள். வாஸ்கோடகாமா 1498-ல் கோழிக்கோடு வந்து சேர்ந்ததும் நூரெம்பெர்க் வியாபாரிகள் சுதாரித்துக்கொண்டார்கள். 1505-ல் லிஸ்பனிலிருந்து இந்தியாவுக்குக் கிளம்பிய கப்பல்களில் அவர்கள் பணமும் இருந்தது!

ஊருக்குள் இதற்கென்றே தனி சமையற்காரர் இருந்ததற்கு 1395-லேயே பதிவு உண்டு. 1487-ல் மூன்றாம் ஃபிரெடெரிக் சக்கரவர்த்தி, தன் முகம் பதித்த லெப்குக்கனை நாலாயிரம் குழந்தைகளுக்குக் கொடுத்தார் என்கிறார்கள். (போஸ்டர் கலாசாரம் நம்ம கண்டுபிடிப்பு இல்லை, சார்!) 1643-ல் ரொட்டிக்காரர்களிடமிருந்து பிரிந்து தனிச் சங்கமே வைத்துக்கொண்டார்கள்.

உசத்தி ரகத்துக்கு 'எலிசன்' என்று பெயர். பாதாம், ஹேசல்நட், வால்நட் இவையே கால் பங்காவது இருக்க வேண்டும். மாவு பத்து சதவிகிதம் தாண்டக் கூடாது. மாவு குறைந்தால் கலவை தட்டில் ஒட்டிக்கொள்ளும். அதனால் சர்ச்சில் கொடுக்கும் அப்பம் மாதிரி மெல்லிய வில்லையை அடியில் வைத்துச் சுடுகிறார்கள். அதையும் சேர்த்தே சாப்பிடலாம். நண்பர் சொல்லும்வரை நான் பேப்பர் என்று நினைத்து உரித்துக்கொண்டிருந்தேன்!

1996-லிருந்து ஐரோப்பியச் சட்டப்படி, நூரெம்பெர்க் எல்லைக்குள் சுட்டால்தான் 'நூரெம்பெர்க் லெப்குக்கன்'. ஏலக்காய் எங்கிருந்து வந்தது என்று சட்டம் கேட்பதில்லை. அடுப்பு எந்த ஊரில் என்றுதான் கேட்கிறது!

எனக்கு இதில் கோபமில்லை, கொஞ்சம் பொறாமை. வாசனையை நாம் மூட்டையாக விற்றோம், அவர்கள் டப்பாவில் போட்டுப் பெயரோடு விற்றார்கள். நம்ம ஊரிலும் இப்போது முழித்துக்கொண்டாயிற்று. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-லும், கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-லும் புவிசார் குறியீடு கிடைத்தது. பஸ் ஸ்டாண்டில் வாங்கும்போது, லேபிளில் எந்த ஊர் போட்டிருக்கிறது என்று ஒரு தடவை திருப்பிப் பாருங்கள்.