போன் செத்தாலும் பேச்சு நிக்காது! ஹாம் ரேடியோவுக்கு குட்டி சாட்டிலைட்

நாகூர்:

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதியை நாகூர்க்காரங்க மறக்க முடியுமா? நாகை மாவட்டத்தில் மட்டும் 6 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை சுனாமி வாரிச் சென்றது.

அன்று அந்தமானிலும் போன் எல்லாம் செத்துப்போச்சு. யார் இருக்காங்க, யார் இல்லை என்று வெளியுலகுக்குச் சொல்ல கை கொடுத்தது ஹாம் ரேடியோ. டெல்லியில் இருந்து போர்ட்பிளேர் வந்திருந்த ஹாம் குழுவினர் இரவு பகலாக தகவல் அனுப்பினார்கள்.

ஹாம் ரேடியோன்னா என்ன?

சம்பாதிக்க அல்ல, ஆர்வத்துக்காக சொந்தமாக வயர்லெஸ் செட் வைத்துப் பேசுவது. சிம்கார்டும் வேண்டாம், செல்போன் டவரும் வேண்டாம். செட், ஏரியல், பேட்டரி இருந்தால் போதும்.

சாட்டிலைட் எதுக்கு?

சின்ன செட்டின் அலை நேர்கோட்டில்தான் போகும். பூமி உருண்டை என்பதால் கொஞ்ச தூரத்திலேயே தொடர்பு அறுந்துவிடும். மேலே சாட்டிலைட் இருந்தால் கீழிருந்து வரும் பேச்சை வாங்கி, தூரத்து ஊருக்கும் திருப்பி அனுப்பும்.

2005-ம் ஆண்டு மே 5-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து 'ஹாம்சாட்' என்ற சாட்டிலைட்டை இஸ்ரோ ஏவியது. எடை வெறும் 42.5 கிலோ. 2 கருவிகளில் ஒன்றைச் செய்தது நெதர்லாந்து நாட்டு ஹாம் மாணவர். 2 வருஷம் ஓடினால் போதும் என்று நினைத்தார்கள். 9 வருஷம் உழைத்தது! 2014 ஜூலையில் பேட்டரி கைவிட்டதால் ஓய்ந்தது.

செலவு எப்படி குறையுது?

நெல் மூட்டை ஏற்றிய லாரியில் ஓரமாக ஒரு பையும் போவது மாதிரிதான். சுமார் 1,560 கிலோ எடையுள்ள 'கார்ட்டோசாட்-1' போன அதே பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில்தான் ஹாம்சாட்டும் தொத்திக்கொண்டது. உலகின் முதல் ஹாம் சாட்டிலைட் 'ஆஸ்கார்-1' 1961-ல் போனதும் இப்படித்தான். ராக்கெட்டின் எடையைச் சரிசெய்ய வைக்கும் கட்டைக்குப் பதிலாக அதை வைத்தார்கள்.

நம்ம ஊர் பிள்ளைகள்

சென்னை 'ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா' ஏற்பாட்டில் நாடு முழுவதும் 750 மாணவிகள் சேர்ந்து 'ஆசாதிசாட்' செய்தார்கள். 2022-ல் ராக்கெட் கோளாறால் போன உழைப்பு வீணானது. விடவில்லை. 2023 பிப்ரவரி 10-ந் தேதி 8.7 கிலோ எடையில் 'ஆசாதிசாட்-2' மேலே போனது. அதிலும் ஹாம் ரேடியோ கருவி உண்டு.

நீங்களும் பேசலாம்

மத்திய தொலைத்தொடர்புத் துறையின் தேர்வில் பாஸ் ஆகி உரிமம் வாங்க வேண்டும். உரிமம் இல்லாமல் பேசினால் குற்றம்.

சாட்டிலைட் மேலே சுத்தினால் மட்டும் பத்தாது. கீழே பேசத் தெரிந்த ஆள் வேண்டும். கடலோர ஊருக்கு நாலு பேராவது இருந்தால், அடுத்த ஆபத்தில் நம்ம குரல் வெளியே கேட்கும்.