மூச்சு தெரியுதா பாருங்கோ!

நீலத் திமிங்கலம் தேடிப் போகும் படகோட்டியின் கண்ணில் முதலில் படுவது அதன் மூச்சுதான். கடலுக்கு மேல் முப்பதடி உயரத்துக்கு வெள்ளையாக எழும்பி, சில நொடிகளில் காற்றோடு கரைந்துவிடும். அந்தச் சில நொடிக்காகத்தான் விடிவதற்கு முன்பே இலங்கையில் திருகோணமலைக்குப் பக்கத்து நிலாவெளிக் கடற்கரையில் அவ்வளவு பரபரப்பு! ஒருவர் இஞ்சினைத் தோளில் தூக்கி வருகிறார். இன்னொருவர் பெட்ரோல் கேன்களை மணலில் வரிசையாக இறக்குகிறார். ஒரு பையன் லைஃப் ஜாக்கெட்டுகளின் வார்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்கிறான். திமிங்கலத்தின் படங்களை எல்லோரும் காட்டுகிறார்கள். படத்துக்கு வெளியே நடக்கும் இந்தக் கோலாகலத்தை யாரும் காட்டுவதில்லை. அதற்குள்தான் உங்களைக் கூட்டிப்போகப் போகிறேன்.

நாங்கள் காஞ்சிபுரத்துக்கு மேற்கே, தாமல்காரர்கள். எங்களுக்குப் பெரிய தண்ணீர் என்றால் பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிக் கிடக்கிற தாமல் ஏரிதான். அந்த ஏரியில் மழைக்குப் பிறகு அலையடிப்பதைப் பார்த்தே வளர்ந்த நானும், ஆயுசெல்லாம் பட்டுத்தறியில் உட்கார்ந்த என் அத்தையும் சேர்ந்து திருகோணமலைக்குக் கிளம்பினோம். இப்போது அது ஒன்றும் பெரிய பாடு இல்லை. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் தொடங்கியது. மழைக்காலத்தில் நிறுத்திவிடுவார்கள், மற்றபடி நாலு மணி நேரத்தில் அக்கரை. அங்கிருந்து யாழ்ப்பாணம், பிறகு பஸ்ஸில் வவுனியா வழியாகத் திருகோணமலை. சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு விமானமும் இருக்கிறது. அத்தை கையில் ஒரு பொட்டலம் வைத்திருந்தார்: மந்தாரை இலையில் சுற்றிய காஞ்சிபுரம் இட்லி. சுக்கும் மிளகும் சீரகமும் போட்டு அவித்தது, இரண்டு நாள் கெடாது. அந்தச் சுக்கு கடலில் எவ்வளவு பெரிய உபகாரம் செய்யும் என்பது படகு ஆடத் தொடங்கியபோதுதான் விளங்கியது. கடல் பயணத்தில் வயிறு புரளுகிறவர்கள் இந்த இட்லியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்!

ஏன் திருகோணமலை? நம் சென்னைக் கரையிலிருந்து கடல் ஆழம் கொள்ள பல பத்துக் கிலோமீட்டர் போக வேண்டும். பாக் நீரிணையோ இன்னும் மோசம், பெரும்பகுதி சில பாகம் ஆழம்தான். திருகோணமலையில் கதையே வேறு. மகாவலி கங்கை வந்து விழுகிற கொட்டியாரக் குடாவிலிருந்தே கடலுக்கடியில் ஒரு மாபெரும் பள்ளத்தாக்கு தொடங்குகிறது. துறைமுக வாசலிலேயே தரை சரிந்து, வெளிக்கடலில் 3,000 மீட்டருக்கும் கீழே போய்விடுகிறது. ஆழ்கடல் கரைக்கு அருகே வந்து நிற்கிற இடம் இது. அதனால்தான் சுவாமிமலைப் பாறையில் கோணேசுவரரைக் கும்பிட்டுவிட்டு, கோயில் மதிலோரம் நின்றபடியே நீலத் திமிங்கலம் மூச்சு விடுவதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். திருஞானசம்பந்தர் பாடிய தலத்தில், உலகத்தின் மிகப் பெரிய விலங்கு கண்ணுக்கெட்டும் தூரத்தில் நீந்துகிறது. இதை எழுதும்போதே எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

சரி, படகில் ஏறுவோம். ஆறு மணிக்குள் கரையை விட்டாக வேண்டும். காரணம் கச்சான். மே முதல் ஆகஸ்ட் வரை மேற்கிலிருந்து வீசும் அந்தக் காற்று விடியலில் அடங்கிக் கிடக்கும், வெயில் ஏற ஏறக் கிளம்பிவிடும். கடல் முழுக்க வெள்ளை நுரை எழும்பிவிட்டால் எது அலை, எது மூச்சு என்று எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. எங்கள் படகோட்டி அண்ணை இஞ்சினைக் கிளப்புவதற்கு முன் செய்த காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. ஆழ்கடலில் இரவெல்லாம் வலை போட்டுத் திரும்புகிற வள்ளங்களுக்கு ஃபோன் போட்டார். "எங்கயாவது ஊதினதைக் கண்டனீங்களோ?" ஒருவர் புறாமலைத் தீவுக்கு வடக்கே என்றார். இன்னொருவர் அதெல்லாம் நேற்று, இன்று தெற்கே என்றார். அண்ணை இரண்டையும் கேட்டு, கடலைக் கொஞ்ச நேரம் பார்த்து, மூன்றாவது திசையில் படகைத் திருப்பினார்! ஏன் என்று கேட்டேன். "பறவையள் அங்கதான் போகுது" என்றார்.

பறவை போன இடத்தில் சூரை மீன் கூட்டம் இருக்கும். சூரை இருக்கும் இடத்தில் ஓங்கில், அதாவது டால்பின், இருக்கும். இதைத் திருகோணமலை மீனவர்கள் யாரிடமும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தூண்டில் போட்டுப் பெரிய சூரை பிடிக்கிறவர்கள் தலைமுறை தலைமுறையாக ஓங்கில் கூட்டத்தைத் தேடிப்போய்த்தான் தூண்டிலை இறக்குகிறார்கள். மேலே ஓங்கில், கீழே சூரை. கொஞ்ச நேரத்தில் அந்தக் கணக்கு சரியாகப் பலித்தது. கடல் ஒரு மூலையில் கொதித்தது. நூற்றுக்கணக்கில் ஓங்கில்கள்! சுழலும் டால்பின் என்கிற வகை. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு செங்குத்தாக எழும்பி, அந்தரத்தில் தன்னைத்தானே நாலைந்து சுற்று சுற்றிக்கொண்டு பக்கவாட்டில் பொத்தென்று விழுகிறது. விழுந்தவுடன் இன்னொன்று. குட்டிகள் தாயின் விலாவை ஒட்டியே போகின்றன. படகின் முன்னணியத்தில் அலை தள்ளுகிறது இல்லையா, அந்தத் தள்ளலில் சும்மா ஏறிக்கொண்டு நான்கைந்து ஓங்கில்கள் நம்மோடு வருகின்றன. ஒன்று உடம்பைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் அத்தையைப் பார்த்தது. அத்தை அதற்குக் கை காட்டினார்.

ஏன் சுழல்கின்றன? உடம்பில் ஒட்டிக்கொள்ளும் மீன்களை உதற என்கிறார்கள், விழும் சத்தத்தால் கூட்டத்துக்குச் செய்தி சொல்ல என்கிறார்கள். விளையாட்டாகவும் இருக்கலாம். அவ்வளவு பேரும் அவ்வளவு முறை துள்ளியதைப் பார்த்தபின் என் ஓட்டு விளையாட்டுக்குத்தான்.

பிறகு இஞ்சின் நின்றது. இந்தப் பயணத்தின் உயிரான பகுதி இதுதான், படங்களில் இது வரவே வராது. யாரும் பேசுவதில்லை. ஆளுக்கொரு திசை. அண்ணை முன்னணியத்தில் ஏறி நிற்கிறார், உதவிப் பையன் பின்னணியத்தில். கண்ணை ஓரிடத்தில் நிறுத்தாமல் அடிவானத்தை மெல்ல மெல்ல வருடிப் பார்க்க வேண்டும் என்று சொல்லித் தந்தார். முதலில் கண்டது யார் தெரியுமா? அத்தை! அறுந்த பட்டு இழையைப் பாவில் கண்டுபிடித்து முடிந்தே பழகிய கண். "அங்க ஏதோ புகை மாதிரி வந்துச்சே தம்பி" என்றார். அண்ணை திரும்பிப் பார்த்துவிட்டுக் கத்தினார்: "அம்மா, நீங்கள் கண்டிட்டீங்கள்! மூச்சு தெரியுதா பாருங்கோ எல்லாரும்!"

மூச்சை வைத்தே ஆளைச் சொல்லிவிடுகிறார்கள். நேராக நெடுநெடுவென்று உயர்ந்தால் நீலத் திமிங்கலம். தாழ்வாக, முன்பக்கம் இடப்புறமாகச் சாய்ந்து ஊதினால் அது விந்துத் திமிங்கலம், அதன் மூக்குத் துளை தலையின் இடது ஓரத்தில் ஒன்றே ஒன்று. விந்துத் திமிங்கலம் முங்கினால் முக்கால் மணி நேரம்கூட வராது, ஆழத்தில் கணவாய் வேட்டைக்குப் போயிருக்கும். நீலத் திமிங்கலம் பத்துப் பதினைந்து நிமிடத்தில் மேலே வந்துவிடும். வந்தால் வரிசையாகப் பல மூச்சு, ஒவ்வொன்றுக்கும் இடையில் சில நொடி. கடைசி மூச்சுக்குப் பிறகு முதுகு உயரமாக வளைந்தால் கேமராவை எடுங்கள், வால் எழப் போகிறது என்று பொருள்.

அந்த முதுகைச் சொல்லாமல் விட முடியாது. விடியற்காலையில் எங்கள் ஊர்ப் பக்கத் தெருவில் மூன்று சேலைக்கான பாவை நீட்டிக் கட்டுவார்களே, பதினெட்டு மீட்டர் வருமே, அது நினைவுக்கு வந்தது. இந்த முதுகு அதையும் தாண்டிப் போகும்போலிருந்தது. சாம்பல் நீலத் தோல் ஓடிக்கொண்டே இருக்கிறது, முடியவில்லை, இன்னும் முடியவில்லை, கடைசியில் உள்ளங்கை அளவாகத் தெரியும் ஒரு சின்னத் துடுப்பு! அதன் பிறகு வால் எழுந்தது. நீர் அருவியாக வடிந்தது. சத்தமே இல்லாமல் உள்ளே போனது. அது முங்கிய இடத்தில் கடல் எண்ணெய் ஊற்றியதைப்போல வழவழவென்று வட்டமாக நின்றது. வாலடித்த வேகத்தில் மேலெழும் நீர் செய்கிற வேலை அது. அண்ணை அந்த வட்டங்களைக் காட்டி, ஒன்றிலிருந்து அடுத்ததற்கு மனத்தில் கோடு போட்டு, "இனி அந்தப் பக்கம் எழும்பும், பொறுங்கோ" என்றார். சொன்ன திசையில்தான் எழுந்தது. வழியை மறிக்காமல் படகைப் பக்கவாட்டில், தள்ளியே வைத்திருந்தார். காற்று எங்கள் பக்கம் திரும்பியபோது மூச்சின் வாடையும் வந்தது. சுத்தமான மீன் வாடை. அத்தை மூக்கைப் பொத்தவில்லை.

இந்தத் திமிங்கலங்கள் உலகத்தின் மற்ற நீலத் திமிங்கலங்களைப் போன்றவை அல்ல. மற்றவை குளிர்ந்த கடலில் இரை தின்று, வெப்பக் கடலில் குட்டி போடும் என்பது பாடம். 2003-இல் ஒடிசி என்ற ஆராய்ச்சிக் கப்பலில் வேலை பார்த்த இளம் இலங்கை ஆய்வாளர் ஆஷா டி வோஸ், ஒரே இடத்தில் ஆறு நீலத் திமிங்கலங்களையும் மிதக்கும் சிவப்பு நிற மலத்தையும் கண்டார். மலம் இருந்தால் இங்கேயே சாப்பிடுகின்றன என்றுதானே அர்த்தம்! அந்தச் சிவப்பு எச்சத்திலிருந்து ஒரு வாழ்நாள் ஆராய்ச்சி கிளம்பியது. பின்னர் அவர் ஆய்ந்து சொன்னது: வேறு கடல்களின் நீலத் திமிங்கலங்கள் கிரில் என்ற சின்ன உயிரிகளைத் தின்கின்றன, இலங்கைக் கடலில் இருப்பவை ஒருவகைச் சின்ன இறாலைத் தின்கின்றன. இவற்றின் பாட்டும் தனி. 1984-இல் திருகோணமலைக்கு அப்பால்தான் அதைப் பதிவு செய்தார்கள்.

அந்தப் பதிவு நடந்த காலத்தை யோசித்தால் மனம் கனக்கிறது. சர்வதேசத் திமிங்கல வேட்டை ஆணையம் 1979-இல் இந்தியப் பெருங்கடலைச் சரணாலயமாக அறிவித்தது. அதற்கு முன் 1960-களில் சோவியத் வேட்டைக் கப்பல்கள் இந்தக் கடலில் புகுந்து நீலத் திமிங்கலங்களைக் கொன்று குவித்திருந்தன. சரணாலயத்தில் என்ன மிச்சம் என்று பார்க்க 1982 முதல் 1984 வரை டியூலிப் என்ற சிறிய பாய்மரப் படகில் ஆய்வாளர்கள் வந்தார்கள், திருகோணமலையில் நீலத் திமிங்கலங்களைக் கண்டு திகைத்தார்கள். ஆனால் 1983-இல் உள்நாட்டுப் போர் மூண்டு நாடு பற்றி எரிந்தது. பிறகு போர் முடிந்த 2009 வரை இந்தக் கடலில் மீனவர் போகவே கட்டுப்பாடு. எங்கள் அண்ணை சிறுவனாக அப்பாவோடு வள்ளத்தில் போனபோது திமிங்கலம் கண்டிருக்கிறார். அடுத்தமுறை கண்டபோது அவருக்கே பிள்ளைகள். "அதுகள் இங்கதான் இருந்ததுகள், நாங்கள்தான் போகேலாம இருந்தனாங்கள்" என்றார்.

நம் பக்கத்தில் நாம் திமிங்கலத்தைப் பார்ப்பது பெரும்பாலும் அது கரையில் கிடக்கும்போதுதான். 2016 ஜனவரியில் மணப்பாடு, திருச்செந்தூர்க் கரையில் எண்பதுக்கும் மேற்பட்ட பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கின. மீனவர்கள் இரவெல்லாம் கடலுக்குள் தள்ளித் தள்ளி விட்டும் பல திரும்பி வந்தன. 1973 ஜனவரியில் இதே கரையோரம் 147 ஒதுங்கியிருந்தன. அப்படிக் கிடந்த உடல்களின் படங்களை மட்டுமே பார்த்திருந்த எனக்கு, உயிரோடு ஒன்று வாலைத் தூக்கி இறங்கியதைக் கண்டது பெரும் பாக்கியம்.

அதனால்தான் இதையும் சொல்லிவிட வேண்டும். இலங்கையின் தெற்கே மிரிஸ்ஸவில், நவம்பர் முதல் ஏப்ரல் வரை திமிங்கலச் சீசன். அங்கே தேவேந்திரமுனைக்கு அப்பால் உலகின் நெரிசல் மிகுந்த கப்பல் தடங்களில் ஒன்று அவற்றின் உணவுக் களத்தின் மேலேயே போகிறது. மோதிச் சாகின்றன. 2022-இல் எம்.எஸ்.சி. என்ற பெரிய கப்பல் நிறுவனம் தன் கப்பல்களைச் சுமார் 15 கடல்மைல் தெற்கே தள்ளிப் போகச் செய்தது. மற்றவர்களும் அந்த வழிக்கு வந்தாக வேண்டும். பயணிகள் படகுகளும் குற்றமற்றவை அல்ல. ஒரு திமிங்கலத்தைப் பத்துப் படகு சுற்றி வளைத்தால் அது மூச்சைப் பாதியில் விட்டுவிட்டு முங்கும். 2012-இல் இலங்கை விதித்த விதிப்படி திமிங்கலத்திடமிருந்து 100 மீட்டர் தள்ளித்தான் படகு நிற்க வேண்டும். விதியை மீறத் தூண்டுவது பெரும்பாலும் படகோட்டி அல்ல, "இன்னும் கிட்டப் போங்கள்" என்று நச்சரிக்கும் நாம்தான்.

திருகோணமலைக்குப் போவதென்றால் மே முதல் ஆகஸ்ட்டுக்குள் போங்கள். ஒருநாள் ஏமாந்தால் மறுநாள் போகிற மாதிரி இரண்டு காலை கையில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் மாலையே கரைக்குப் போய்ப் படகோட்டியைப் பாருங்கள், லைஃப் ஜாக்கெட் எல்லாருக்கும் இருக்கிறதா என்று கேளுங்கள். பேரம் பேசும்போதே இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: "துரத்த வேண்டாம் அண்ணை, தள்ளி நின்று பார்த்தால் போதும்." கேட்டதும் முகம் மலர்கிறவரின் படகில் ஏறுங்கள்.