குட்டி நாய்க்கு கால் வளைகிறதா? 'தானா சரியாயிடும்'னு விட்டுடாதீங்க!

அடி அண்ணாமலை,

திருவண்ணாமலையில் 14 கிலோ மீட்டர் கிரிவலப்பாதையில் உள்ளது அடி அண்ணாமலை. பைக், ஆட்டோ ஓடும் இந்த ரோட்டோரம் தெரு நாய்க்குட்டிகளும், வீட்டில் வளரும் பொமரேனியன் குட்டிகளும் விளையாடி திரிவது வழக்கம்.

வண்டியில் அடிபட்ட குட்டி 2 நாள் நொண்டும். பிறகு ஓடும். 'பொழச்சுக்கிச்சு' என்று விட்டு விடுவார்கள். ஆனால் சில வாரம் கழித்து முன்னங்கால் வில் போல வளைந்து, பாதம் வெளியே திரும்பும்.

காரணம் என்ன?

முன்னங்காலில் முழங்கைக்கு கீழே 2 எலும்புகள் ஜோடியாக வளரும். எலும்பு நீளுவது அதன் நுனியில் உள்ள மெல்லிய குருத்தெலும்பில்தான். அடிபட்டு அது நசுங்கினால் ஒரு எலும்பு வளராமல் நின்று விடும். இன்னொன்று வளரும். குட்டை எலும்பு நாண் போல இழுக்க, நெட்டை எலும்பு வளைகிறது.

2 காலும் சேர்ந்து வளைந்தால் பெரும்பாலும் சாப்பாட்டு கோளாறு. வெறும் சோறு, அல்லது எலும்பில்லாத கறி மட்டும் போட்டால் சுண்ணாம்பு சத்து கிடைக்காது. டாஷ்ஹண்ட் போன்ற ஜாதிகளுக்கு குட்டைக்கால் பிறவியிலேயே உண்டு.

பொமரேனியன் ஓடும்போது பின்னங்காலை தூக்கி 4 எட்டு தத்தி, மறுபடி சாதாரணமாக ஓடுகிறதா? அது விளையாட்டு அல்ல. முழங்கால் சில்லு நழுவுகிறது. உடம்பு பெருக்க விடக்கூடாது. டாக்டரிடம் காட்ட வேண்டும்.

செய்யக்கூடாதவை

* மூங்கில் பட்டை வைத்து நாமே கட்டக்கூடாது.

* மனிதர் சாப்பிடும் பாரசிட்டமால், ஐப்யூபுரூபன் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து.

* கால்சியம் டானிக்கை இஷ்டத்துக்கு ஊற்றினாலும் எலும்பு கெடும்.

* 'வெயில்ல விட்டா சரியாகும்' என்பது நாய்க்கு பொருந்தாது. அதன் தோலில் வைட்டமின் டி போதுமான அளவு உண்டாகாது. சாப்பாட்டில்தான் கிடைக்க வேண்டும்.

நாள் முக்கியம்

குட்டியை சமதரையில் நிறுத்தி, வாரம் ஒருமுறை எதிரே இருந்து செல்போனில் படம் எடுங்கள். வளைவு கூடினால் உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டி எக்ஸ்ரே எடுக்க வேண்டும். வழுக்கும் டைல்ஸ் தரையில் கோணிப்பை விரியுங்கள்.

சாப்பாட்டு கோளாறை சீக்கிரம் திருத்தினால் வளைந்த கால் பெரும்பாலும் நிமிரும். அடிபட்ட காலுக்கு, வளரும் வயதிலேயே குட்டை எலும்பில் ஒரு துண்டை வெட்டி எடுத்தால் இழுப்பு விடும். சிறிய ஜாதி நாய்களுக்கு ஏறக்குறைய 8 மாதத்தில் கால் எலும்பு வளர்ச்சி முடிந்து விடும். அதன்பிறகு எலும்பை அறுத்து பிளேட் வைக்கும் பெரிய ஆபரேஷன்தான். செலவும் அதிகம்.

முதலில் அருகில் உள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் காட்டலாம். ஆபரேஷன் தேவைப்பட்டால், 1903-ல் தொடங்கப்பட்டு சென்னை வேப்பேரியில் இயங்கும் கால்நடை மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரி உள்ளது. வலியில் குட்டி கடிக்கும். வாயில் துணி கட்டி தூக்குவது நல்லது.

கால் கோணலாகி விட்டதே என்று வளர்த்த நாயை ரோட்டில் விட்டு விடாதீர்கள். கோணல் காலோடும் அது வாலாட்டி வாசல் காக்கும். ரோட்டில் விட்டால், அடுத்த வண்டிக்கு அதால் ஒதுங்கி ஓட முடியாது.