வெறுங்கவனமும் தெளிவுணர்வும்: பௌத்தத் தியானத்தின் தற்காலப் பயன்பாடு பற்றிய ஒரு நோக்கு

பௌத்தத் தியானம் விகாரையின் மதிலைக் கடந்து நெடுநாளாயிற்று. 1979 இல் யோன் கபற்-சின் என்னும் உயிரியல் அறிஞர் ஐக்கிய அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தில், நாட்பட்ட நோவினால் வருந்துவோருக்கெனப் பயிற்சியொன்றைத் தொடங்கினார். சமயச் சடங்கும் சமயச் சொல்லும் நீக்கப்பெற்ற அப்பயிற்சி வைத்தியசாலையிலிருந்து பாடசாலைக்கும், சிறைக்கும், பெருங்கொம்பனிகளின் அலுவலகங்களுக்கும், ஈற்றிற் படைமுகாமுக்கும் பரவியது. கூகிள் நிறுவனம் 2007 இல் தன் ஊழியருக்கென இத்தகைய பயிற்சியை ஏற்படுத்திற்று. நவீன வாழ்வின் இடர்களுக்குப் பௌத்தம் மருந்தாகும் என்ற கூற்று இன்று பெரும்பாலும் இப்பயிற்சியையே கருதிச் சொல்லப்படுகின்றது. இவ்வாறு பரவுகையில் எது எடுத்துச் செல்லப்பட்டது, எது விட்டுச் செல்லப்பட்டது என்பதே ஈண்டு நாம் ஆராய விழையும் பொருளாகும்.

இவ்வாராய்ச்சிக்கு நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. கண்டி உடவத்தைக்கெலைக் காட்டின் ஆச்சிரமத்தில் நெடுங்காலம் வாழ்ந்து 1994 இல் மறைந்த ஞானபோனிக தேரர் எழுதிய 'பௌத்தத் தியானத்தின் இதயம்' என்னும் பொருள்படும் ஆங்கில நூல், 1962 இல் இலண்டனில் வெளிவந்த பதிப்பின் பின் மேனாட்டார் பலரைத் தியானத்தின்பால் ஈர்த்தது. கபற்-சின்னும் அவர்களுள் ஒருவர். யேர்மனியில் 1901 இல் யூதக் குடும்பமொன்றிற் பிறந்த தேரர் 1936 இல் இலங்கை வந்து துறவு பூண்டார். நாசிகளின் கொடுமையிலிருந்து தப்பிய தம் தாயாரையும் 1939 இல் இங்கு வரவழைத்தார். அதே ஆண்டு போர் மூண்டதும், யேர்மனியர் என்ற காரணத்தால் அவரைப் பிரித்தானியர் தியத்தலாவையிலும் பின்னர் தேராதூனிலும் தடுத்து வைத்தனர். நாசிகளுக்கு யூதர், பிரித்தானியருக்குப் பகைநாட்டார். மனத்தின் அமைதியைப் பற்றி எழுதியவர் அமைதியான காலத்தில் வாழ்ந்தவரல்லர்.

தேரர் தியானப் பயிற்சியை இரு கூறாகப் பிரித்து விளக்குகின்றார். முதலாவது வெறுங்கவனம். உடலிலும் உள்ளத்திலும் நிகழ்வதை விருப்பு வெறுப்பின்றி, உடனடித் தீர்ப்பின்றி, நிகழ்ந்தவாறே காணுதல் அது. இரண்டாவது பாளியில் 'சம்பஜஞ்ஞ' எனப்படும் தெளிவுணர்வு. நடத்தல், பார்த்தல், உண்ணல், பேசல் முதலாய செயல்களில் இது தொழிற்படுவது. உரையாசிரியர் மரபைப் பின்பற்றி இதனை நோக்கம், தகுதி, களம், மயக்கமின்மை என நால்வகைப்படுத்துவர். இவற்றுள் நோக்கம் முதலில் வைக்கப்பட்டமை கருதத்தக்கது. ஒரு காரியத்தை எவ்வளவு கவனத்துடன் செய்கிறோம் என்பதற்கு முன், அதனைச் செய்யத்தான் வேண்டுமா, அதனால் விளையும் நன்மை யாது என்று வினவுதல் வேண்டும் என்பதே அதன் கருத்து.

பழந்தமிழ்ப் பௌத்தர் வழிவந்த கலைச்சொல்லொன்றும் இங்கு துணைநிற்கின்றது. எண்வகை மார்க்கத்தில் ஏழாவதனைத் தமிழில் 'நற்கடைப்பிடி' என்பர். கடைப்பிடி என்பது மறவாது பற்றிநிற்றல். மூலச் சொல்லும் நினைவு என்னும் பொருளுடையதே. நன்று எது, தீது எது என்பதை மறவாதிருத்தலும் இதனுள் அடங்கும். இன்று வழங்கும் 'மனநிறைவு', 'விழிப்புணர்வு' முதலிய மொழிபெயர்ப்புகள் இந்த நினைவுப் பொருளை இழந்துவிட்டன. அவற்றுள்ளும் முன்னையது திருப்தி என்றே பொருள்பட்டு நிற்பது வேடிக்கை.

மருத்துவ நிலையம் எடுத்துக்கொண்டது வெறுங்கவனத்தையே. அதில் தவறில்லை. நோவு தீராத நோயாளிக்கு நோவுடன் வாழும் வழி தேவை. அங்கு நோக்கம் தெளிவானது. பயனும் ஓரளவு நிறுவப்பட்டுள்ளது. 47 ஆய்வுகளைத் தொகுத்து 2014 இல் வெளியான மருத்துவக் கட்டுரையொன்று, பதகளிப்பு, மனச்சோர்வு, நோவு ஆகியவற்றில் தியானம் மிதமான பயன் தருவதாகவும், உடற்பயிற்சி, மருந்து முதலியவற்றிலும் மேலானது என்பதற்குச் சான்றில்லை எனவும் கண்டது. ஐக்கிய இராச்சியப் பாடசாலைகளில் 8,000 க்கு மேற்பட்ட மாணவரிடை நடைபெற்று 2022 இல் முடிவுகள் வெளியான ஆய்வோ, வழமையான கற்பித்தலினும் மேம்பட்ட பயனெதனையும் காணவில்லை.

அலுவலகத்தின் நிலை வேறு. அங்கே தொழிலாளியின் களைப்பு அவரது மனத்தின் குறையாகக் கொள்ளப்படுகின்றது. வேலைச் சுமையும் ஊதியமும் உள்ளவாறே இருக்க, அவற்றைத் தாங்கும் பயிற்சி வழங்கப்படுகின்றது. தீர்ப்பின்றிக் காணல் என்பது தியானத்தின் ஒரு கணத்திற்குரிய விதி. அது வாழ்க்கை முழுமைக்கும் விதியாக்கப்படும்போது அநீதியையும் தீர்ப்பின்றிக் காணும் பழக்கமாகிவிடுகின்றது. அமெரிக்கப் பேராசிரியர் றொனால்ட் பேர்சர் 2019 இல் வெளியிட்ட நூலில் இதனை விரிவாகக் கண்டித்துள்ளார். படைமுகாமைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பௌத்த இல்லறத்தார் விலக்க வேண்டிய ஐந்து வணிகங்களுள் ஆயுத வணிகம் முதலாவது.

துன்பத்தின் காரணம் மனத்துள் மட்டுமே உள்ளது என்று புத்தர் போதித்தார் எனக் கொள்வதும் பொருந்தாது. தீகநிகாயத்துக் கூடதந்த சூத்திரத்தில் நாட்டின் கொள்ளையை ஒழிக்க விரும்பும் அரசனுக்குச் சொல்லப்படும் வழி தண்டனையன்று, தியானமுமன்று. உழவருக்கு விதை, வணிகருக்கு முதல், அரச ஊழியருக்கு உணவும் ஊதியமும் வழங்குக என்பதே அவ்வறிவுரை.

இந்நாட்டுத் தமிழ் வாசகருக்கு இவ்விடத்து ஒரு தயக்கம் எழுதல் இயல்பே. 1972 ஆம் ஆண்டின் அரசியல் யாப்புப் பௌத்தத்திற்கு முதன்மை இடம் அளித்தது முதலாக, அம்மதம் நமக்குப் பெரும்பாலும் அரசின் குரலாகவே கேட்டு வந்துள்ளது. போர்க்காலத்தில் படையினருக்குப் பிரித் ஓதி நூல் கட்டியதையும் நாம் கண்டோம். அதனாலேயே தேரரின் நூலை நாம் பிறர் சொத்தென ஒதுக்கலாகாது என்று கருதுகின்றோம். நோக்கம் யாது என்னும் வினா கொம்பனிக்கு எழுப்பப்படுமுன் அரச பௌத்தத்திற்கே எழுப்பப்பட வேண்டியது. அதனை எழுப்புவதற்குரிய அளவுகோல் அம்மரபினுள்ளேயே கிடக்கின்றது.

1978 இல் தொடங்கிய கட்டுநாயக்கச் சுதந்திர வர்த்தக வலயத்தின் ஆடைத் தொழிற்சாலையொன்றில் தெளிவுணர்வுப் பயிற்சி நடைபெறுவதாகக் கற்பனை செய்வோம். மூச்சைக் கவனித்தல் முதல் அரைமணியில் முடிந்துவிடும். அடுத்து, மணிக்கு இத்தனை உருப்படி என்ற இலக்கை வகுத்தவர் யார், யாருடைய நன்மைக்காக வகுத்தனர் என்ற வினா வரும். அவ்வினாவுடன் கூடிய பயிற்சிக்கு நிர்வாகம் பணம் ஒதுக்குமா என்பது ஐயமே. தொழிற்சங்கம் ஒதுக்கக்கூடும்.