ஆலைக் கணக்கும் கிளவுடும்: நடுவில் ஓர் ஏஜென்ட்

தரவு ஒருங்கிணைப்பு ஏஜென்ட் என்பது ஒரு நிறுவனத்தின் சொந்தக் கணினியில் இருந்தபடி, அங்குள்ள தரவுத்தளங்களையும் கோப்புகளையும் படித்து, வேண்டியதை மட்டும் வேறோர் இடத்தில், பெரும்பாலும் கிளவுடில், கொண்டுசேர்க்கும் மென்பொருள். இன்ஃபர்மேட்டிகா நிறுவனம் இதை ‘செக்யூர் ஏஜென்ட்’ என்கிறது. மைக்ரோசாஃப்டின் அஸ்யூர் கிளவுடில் இதற்கு ‘செல்ஃப்-ஹோஸ்டட் இன்டக்ரேஷன் ரன்டைம்’ என்று பெயர். இரண்டின் அடிப்படை வேலையும் ஒன்றுதான்.

இதன் தேவை பெரிய ஆலைகளில் தெளிவாகத் தெரியும். குறிஞ்சிப்பாடியை அடுத்த நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களும் அனல்மின் நிலையங்களும் அருகருகே இருக்கின்றன. இவற்றை நடத்த 1956-இல் தொடங்கிய நிறுவனம் 2016 முதல் என்.எல்.சி. இந்தியா என்ற பெயரில் இயங்குகிறது. அதன் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் மட்டும் தலா 210 மெகாவாட்டில் 7 அலகுகள். மொத்தம் 1,470 மெகாவாட். இத்தகைய இடத்தில் வெட்டிய நிலக்கரிக்கு ஒரு கணக்கு, கொதிகலனில் எரித்ததற்கு ஒரு கணக்கு, கம்பியில் ஏற்றிய மின்சாரத்துக்கு ஒரு கணக்கு, ஸ்டோர்ஸில் இருக்கும் உதிரி பாகங்களுக்கு இன்னொன்று. இவை வெவ்வேறு காலத்தில் வாங்கிய வெவ்வேறு மென்பொருள்களில் பதிவாவது எந்தப் பெரிய ஆலையிலும் வழக்கம். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை கிலோ நிலக்கரி செலவானது என்று அறிய, இரண்டு கணக்கையாவது அருகருகே வைத்தாக வேண்டும்.

பேச்சைத் தொடங்குவது யார்?

ஆலையின் தரவுத்தளங்கள் ஃபயர்வாலுக்குப் பின்னால் இருக்கும். கிளவுடில் இருக்கும் மென்பொருள் அவற்றை நேராகத் தொட வேண்டுமானால் வெளியிலிருந்து உள்ளே ஒரு வழி திறந்துவிட வேண்டும். அந்த வழியில் வேறு யாரும் நுழையலாம். ஏஜென்ட் இந்தத் திசையை மாற்றிவிடுகிறது. அது உள்ளிருந்தபடியே 443 என்ற போர்ட் வழியாக, மறையாக்கம் செய்த இணைப்பில் வெளியே போய் ‘வேலை உண்டா?’ என்று கேட்கிறது. வேலை இருந்தால் தரவுத்தளத்தை உள்ளேயே படித்து, விடையை வெளியே அனுப்புகிறது. வெளியிலிருந்து வரும் அழைப்புக்கு ஃபயர்வால் எப்போதும்போல் மூடியே இருக்கும்.

எந்தக் கணினியில் வைப்பது?

தரவுத்தளம் ஓடும் சர்வரிலேயே ஏஜென்ட்டையும் ஏற்றினால் நினைவகத்துக்கும் செயலிக்கும் இரண்டும் போட்டி போடும். அதனால் அருகில் தனி சர்வர் ஒன்று ஒதுக்குவது நல்லது. மைக்ரோசாஃப்ட் தன் ஏஜென்ட்டுக்குக் குறைந்தது 4 கோர், 8 ஜி.பி. நினைவகம், 80 ஜி.பி. வட்டு இடம் பரிந்துரைக்கிறது. அந்தக் கணினி தூங்கப் போகக் கூடாது. யாரும் தொடாத நேரத்தில் ஹைபர்நேட் ஆகும்படி விட்டிருந்தால், இரவு 2 மணி வேலைக்கு ஏஜென்ட் இருக்காது.

மின்நிலையத்தில் இன்னோர் எல்லையும் உண்டு. டர்பைனையும் கொதிகலனையும் இயக்கும் கட்டுப்பாட்டு வலையமைப்பில் ஏஜென்ட்டை வைக்கக் கூடாது. மத்திய மின்சார ஆணையம் 2021-இல் மின்துறைக்கு வெளியிட்ட இணையப் பாதுகாப்பு வழிகாட்டு நெறிகளும் இந்த அமைப்புகளை இணையத்திலிருந்து பிரித்து வைக்கவே சொல்கின்றன. கட்டுப்பாட்டு அமைப்பின் அளவீடுகளின் நகல் ஒன்று அலுவலக வலையமைப்புக்கு வந்துசேரும். ஏஜென்ட் படிக்க வேண்டியது அந்த நகலைத்தான்.

நிறுவும் முறை

முதலில் கிளவுட் கணக்கில் நுழைந்து நிறுவல் கோப்பைப் பதிவிறக்க வேண்டும். விண்டோஸில் ஏஜென்ட் ஒரு சர்வீஸாக ஓடும். யாரும் லாகின் செய்யாவிட்டாலும் வேலை நடக்கும். லினக்ஸில் ரூட் கணக்கில் நிறுவாமல், இதற்கென்றே ஒரு பயனர் கணக்கு உருவாக்கி அதில் நிறுவ வேண்டும்.

நிறுவி முடித்ததும் ஏஜென்ட் தன்னை யார் என்று நிரூபிக்க வேண்டும். கிளவுட் பக்கத்தில் கிடைக்கும் டோக்கனையோ சாவி எழுத்துக்கோவையையோ ஒட்டினால் அந்தக் கணக்கில் ஏஜென்ட் பதிவாகிவிடும். இந்தச் சாவியும் ஒரு பாஸ்வேர்டுதான். வாட்ஸப் குழுவில் அனுப்பும் பொருளல்ல. அலுவலகத்தில் பிராக்ஸி சர்வர் இருந்தால் அதன் முகவரியை ஏஜென்ட்டிடம் சொல்ல வேண்டும். கிளவுட் பக்கத்தில் ஏஜென்ட் ‘ரன்னிங்’ என்று காட்டினால் பாதி வேலை முடிந்தது.

இணைப்புகளும் உரிமைகளும்

அடுத்து ஒவ்வொரு தரவுத்தளத்துக்கும் ஓர் இணைப்பு அமைக்க வேண்டும். அதற்கு சர்வர் பெயர், போர்ட், பயனர், பாஸ்வேர்டு ஆகியவை தேவை. வழக்கமாக ஆரக்கிளுக்கு 1521, எஸ்.க்யூ.எல். சர்வருக்கு 1433. எஸ்.ஏ.பி. போன்ற மென்பொருள்களுக்கு அவற்றின் நிறுவனமே தரும் நூலகக் கோப்புகளைத் தனியே சேர்த்தால்தான் இணைப்பு எடுக்கும். ஏஜென்ட்டின் பயனருக்குப் படிக்கும் உரிமை போதும். அதுவும் தேவையான அட்டவணைகளுக்கு மட்டும். நிர்வாகி கணக்கைக் கொடுத்தால் எல்லாம் உடனே வேலை செய்யும். ஆனால் ஏஜென்ட் கணினி ஒருவர் கையில் சிக்கினால் எல்லாமே அவர் கைக்குப் போகும்.

நேரமும் எழுத்தும்

இணைப்பு கிடைத்தபின் வரும் பிழைகள் சத்தமில்லாதவை. இந்திய மின்துறையில் ஒரு நாள் 15 நிமிடம் கொண்ட 96 தொகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. மின்நிலையம் எவ்வளவு உற்பத்தி செய்தது என்ற கணக்கு தொகுதிவாரியாகப் பார்க்கப்படும். கிளவுட் சர்வர்கள் பொதுவாக உலகப் பொதுநேரத்தில் ஓடுபவை. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். நேர மண்டலத்தைக் குறிப்பிடாமல் விட்டால் கணக்கு 22 தொகுதிகள் பின்னே நகர்ந்துவிடும். நள்ளிரவில் தொடங்கும் முதல் தொகுதி, முந்தைய தேதியின் 75-ஆம் தொகுதியாகப் போய் உட்காரும். எண்கள் எல்லாம் இருக்கும், பிழைச் செய்தியும் வராது. நாள் கணக்கு மட்டும் ஒத்துவராது.

எழுத்திலும் இதே கதை. ‘குறிஞ்சிப்பாடி’ தமிழில் 7 எழுத்து. யூனிகோடில் மெய்க்கு ஒரு குறியும் உயிர்க்குறிக்கு அல்லது புள்ளிக்கு ஒரு குறியுமாக அது 14 குறிகள். யு.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ஆக 42 பைட். ஊர்ப் பெயருக்கு 30 பைட் இடம் ஒதுக்கியிருந்தால் சில மென்பொருள்கள் பிழை காட்டி நின்றுவிடும். சில ‘குறிஞ்சிப்’ வரை எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். யூனிகோடு அறியாத பழைய புலத்தில் எழுதினால் கேள்விக்குறிகளே மிஞ்சும். அதனால் சோதனை ஓட்டத்தில் ஆங்கிலப் பெயர்களோடு நீளமான தமிழ்ப் பெயர்கள் சிலவற்றையும் அனுப்பிப் பார்க்க வேண்டும்.

ஓடத் தொடங்கியபின்

ஒவ்வொரு இரவும் முழு அட்டவணையையும் அள்ள வேண்டியதில்லை. கடைசியாகப் படித்த நேரத்தைக் குறித்துவைத்து, அதன்பின் மாறியவற்றை மட்டும் எடுக்கலாம். மீட்டர் அளவுகள் பிற்பாடு திருத்தப்படும் வாய்ப்பு இருப்பதால் கடந்த சில நாள்களையும் மறுபடி படிப்பது பாதுகாப்பு. மூலத்தில் எத்தனை வரி, போய்ச் சேர்ந்தது எத்தனை வரி என்று தினமும் ஒப்பிட்டால் விடுபட்டது அன்றே தெரியும்.

ஒரே ஏஜென்ட்டை நம்பியிருந்தால் அந்தக் கணினி பழுதாகும் நாளில் எல்லாம் நிற்கும். ஆகவே இரண்டு மூன்று கணினிகளை ஒரே குழுவாகச் சேர்ப்பார்கள். அஸ்யூரில் பொதுவாக 4 வரை சேர்க்கலாம். புதுப்பிப்பு தானாக இறங்கும் என்பதால் அதன் நேரம் இரவு வேலையோடு மோதாமல் வைக்க வேண்டும். லாக் கோப்புகள் வட்டை நிரப்பாமல் பார்க்க வேண்டும். தரவுத்தளப் பாஸ்வேர்டு மாறும் நாளில் இணைப்பிலும் அதை மாற்ற வேண்டும்.

ஏஜென்ட்டை ஓய்வு கொடுத்து அனுப்பும்போது மென்பொருளை நீக்கினால் மட்டும் போதாது. கிளவுட் பக்கத்தில் அதன் பதிவை எடுத்து, சாவியை ரத்து செய்து, ஒவ்வொரு தரவுத்தளத்திலும் அதற்காக உருவாக்கிய பயனரையும் நீக்க வேண்டும். ஃபயர்வாலில் அதற்கென அனுமதித்த விதியை அழிப்பது கடைசி வேலை.