மலர் ஈயும் வண்ணத்துப்பூச்சியும்

மலர் ஈ, வண்ணத்துப்பூச்சி இரண்டும் பூந்தேனை நம்பி வாழ்பவை. ஓசூர்–ராயக்கோட்டைச் சாலையில் உள்ள உத்தனப்பள்ளி வட்டாரத்துக் காய்கறித் தோட்டங்களில், பூத்து நிற்கும் கொத்தமல்லியையும் கடுகையும் கவனித்தால் இரண்டையும் காணலாம்.

கறுப்பும் மஞ்சளுமாகப் பட்டை போட்ட மலர் ஈயைக் குளவி என்று நினைத்து ஒதுங்குபவர்கள் உண்டு. அதற்குக் கொடுக்கே கிடையாது. பறவைகளை ஏமாற்றத்தான் இந்த வேஷம். குளவிக்கு இறக்கை நான்கு, ஈக்கு இரண்டு. பின்னிறக்கை இருக்க வேண்டிய இடத்தில் குமிழ் முனையுடன் இரண்டு சிறு காம்புகள் துடிக்கின்றன. உடல் சாய்வதையும் திரும்புவதையும் உடனுக்குடன் உணர்த்துபவை இவையே. நொடிக்கு 100 தடவைக்கு மேல் இறக்கையடித்து அந்தரத்தில் அசையாமல் நிற்க இந்தக் காம்புகள் உதவுகின்றன. வண்ணத்துப்பூச்சிக்குச் செதில் போர்த்திய நான்கு அகன்ற இறக்கைகள். பெரும்பாலும் அது பூவில் அமர்ந்துதான் தேன் குடிக்கிறது.

வாயமைப்பே இரண்டுக்கும் உரிய பூவைத் தீர்மானிக்கிறது. வண்ணத்துப்பூச்சியின் உறிஞ்சுகுழல் கடிகாரச் சுருள்வில் போலச் சுருண்டிருக்கும். உண்ணிச்செடிப் பூவின் குறுகிய குழாய்க்குள்ளும் நீளும். மலர் ஈயின் வாய் பொதுவாகக் குட்டையானது, நுனியில் ஒற்றியெடுக்கும் மெத்தை கொண்டது. அதனால் தேன் மேலாகவே கிடைக்கும் கொத்தமல்லி, கடுகு, மாம்பூ அதற்குத் தோது. மகரந்தத்தையும் அது தின்கிறது. பெண் ஈக்கு முட்டை முதிர அந்தப் புரதம் வேண்டும்.

உழவருக்கு முக்கியமான வேறுபாடு புழுப்பருவத்தில் இருக்கிறது. எலுமிச்சை அழகி என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழு எலுமிச்சை, நாரத்தை இலைகளைத் தின்று வளர்கிறது. வெந்தய வரியன் என்னும் மற்றொரு வண்ணத்துப்பூச்சியின் புழு எருக்கிலையைத் தின்பதால் பயிருக்குச் சேதமில்லை. எருக்கின் நஞ்சு உடலில் தங்குவதால் பறவைகளும் அந்தப் பூச்சியைத் தவிர்க்கின்றன. ஈயின் எச்சரிக்கை நிறம் பொய், வரியனுடையது மெய்.

மலர் ஈ இனங்கள் பலவற்றின் புழுவோ இறைச்சியுண்ணி. தாய் ஈ அசுவினிக் கூட்டத்தின் நடுவிலோ அருகிலோ முட்டையிடுகிறது. வெளிவரும் புழுவுக்குக் காலுமில்லை, கண்ணுமில்லை. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டித் துழாவி, தட்டுப்பட்ட அசுவினியை இலையிலிருந்து தூக்கி, சாற்றை உறிஞ்சிவிட்டு வெறும் தோலைப் போடுகிறது. கூட்டுப்புழுவாகும் முன் ஒரே புழு நூற்றுக்கணக்கில் தின்றுவிடும்.

அழகால் வண்ணத்துப்பூச்சி பெறும் கவனத்தில் பாதியாவது இந்த ஈக்குக் கிடைக்க வேண்டும். கிருஷ்ணகிரியின் மாந்தோப்புகளில் மகரந்தம் சேர்ப்பதிலும் ஈக்களின் பங்கு பெரிது. பூ விரிந்திருக்கையில் தத்துப்பூச்சிக்கு அடிக்கும் மருந்து அவற்றையும் கொல்கிறது. கோஸ் வயலில் மருந்தடிக்கும் முன் இலையைத் திருப்பிப் பார்ப்பது நல்லது: அசுவினிகளுக்கிடையே வழவழப்பான, காலில்லாத புழுக்கள் தென்பட்டால் சில நாள் பொறுக்கலாம்.