நிதிநிலை அறிக்கை தோற்றால்...

ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி முதல் நாளில் திருப்பூரின் கவனம் தில்லியை நோக்கித் திரும்பும். பருத்திக்கு என்ன வரி, இயந்திரங்களுக்கு என்ன சலுகை என்று நிதியமைச்சரின் உரையில் பின்னலாடைத் துறையினர் தேடுவர். அவை யாவும் முன்மொழிவுகளே. மக்களவை அவற்றை நிராகரித்தால் என்னவாகும் என்ற கேள்வி அரிதாகவே எழுகிறது.

நிதிநிலை அறிக்கை ஒரே வாக்கெடுப்பில் நிறைவேறுவதில்லை. அமைச்சகங்களின் மானியக் கோரிக்கைகள், தொகுப்பு நிதியிலிருந்து பணம் எடுக்க அனுமதிக்கும் நிதி ஒதுக்கீட்டு மசோதா, வரி மாற்றங்களுக்கான நிதி மசோதா என அது மூன்று படிகளைக் கடக்க வேண்டும். இவற்றில் மக்களவையின் முடிவே இறுதியானது.

தோற்றால் அரசு விலக வேண்டும் என்று அரசமைப்புச் சட்டம் வெளிப்படையாகக் கூறவில்லை. ஆனால், அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்புடையது என்கிறது 75(3)-ஆவது பிரிவு. செலவுக்குப் பணம் பெற இயலாத அரசு அவையின் நம்பிக்கையை இழந்துவிட்டது என்பதே மரபு. மாற்று அரசு அமையும். இல்லையேல் தேர்தல் வரும். மத்தியில் இதுவரை அப்படி நேர்ந்ததில்லை. கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறினால் பதவி பறிபோகும் என்ற 1985-ஆம் ஆண்டின் கட்சித் தாவல் தடைச் சட்டமும் அதற்கொரு காரணம்.

அதற்கு அருகில் வந்த ஒரு மாநிலம் உத்தரகண்ட். 2016 மார்ச் 18 அன்று, 70 தொகுதிகள் கொண்ட அந்தப் பேரவையில் பாஜகவினர் 26 பேரும் காங்கிரஸ் அதிருப்தியாளர்கள் 9 பேரும் நிதி ஒதுக்கீட்டு மசோதாவுக்கு வாக்குகளை எண்ண வேண்டும் என்று கோரினர். குரல் வாக்கெடுப்பிலேயே மசோதா நிறைவேறியதாகப் பேரவைத் தலைவர் அறிவித்தார். விளைவு, குடியரசுத் தலைவர் ஆட்சி, நீதிமன்ற வழக்குகள், இறுதியில் மே 10 அன்று நம்பிக்கை வாக்கெடுப்பு. இடையில் மாநிலத்தின் அன்றாடச் செலவுக்கே அவசரச் சட்டம் பிறப்பிக்க வேண்டியதாயிற்று.

காரணம் எளிது. மார்ச் 31 நள்ளிரவோடு பழைய ஒதுக்கீடு காலாவதியாகிறது. போர்ச்சுகலில் 2021 அக்டோபரில் நிதிநிலை அறிக்கை தோற்றபோது, முந்தைய ஆண்டு ஒதுக்கீட்டில் மாதந்தோறும் பன்னிரண்டில் ஒரு பங்கைச் செலவிட்டு அரசு இயங்கியது. நம்மிடம் அத்தகைய தானியங்கி ஏற்பாடு இல்லை. 116-ஆவது பிரிவின்படி முன்பண மானியம் பெறலாம். அதற்கும் அவையின் ஒப்புதல் தேவை.

வரியின் கதை வேறு. 2021 நிதிநிலை அறிக்கை விதித்த பருத்தி இறக்குமதி வரி மறுநாளே நடைமுறைக்கு வந்தது. இத்தகைய தற்காலிக வசூல் 75 நாள்களுக்குள் சட்டமாகாவிடில் காலாவதியாகும். வசூலித்த தொகையைத் திருப்பித் தர வேண்டும். ஜிஎஸ்டி பாதிக்கப்படாது. ஆனால், ஒதுக்கீடு இன்றி ஜவுளி அமைச்சகத்தின் எந்த மானியமும் சிறு உற்பத்தியாளரை வந்தடையாது.

1999 ஏப்ரல் 17 அன்று வாஜ்பாய் அரசு ஒரு வாக்கில் வீழ்ந்தது. ஆயினும், அவை கலைக்கப்படும் முன் அந்த அரசின் நிதிநிலை அறிக்கையைக் கட்சிகள் விவாதமின்றி நிறைவேற்றிக் கொடுத்தன. பொறுப்புணர்வு நாட்டைக் காத்தது, விவாதம் பலியானது.

முன்பு மார்ச்சில் முன்பண மானியம் பெற்று, மே மாதம் வரை விவாதிப்பது வழக்கம். 2017 முதல் பிப்ரவரி முதல் நாளுக்குத் தாக்கல் மாற்றப்பட்டபின், தேர்தல் ஆண்டுகள் நீங்கலாக அந்த முன்னேற்பாடு கைவிடப்பட்டது. மார்ச் இறுதி வாரத்தில் ஒதுக்கீட்டு மசோதா தோற்குமானால், மாற்று வழி தேட எஞ்சுவது சில நாள்களே. கூட்டணி ஆட்சிகளின் காலத்தில், மார்ச் தொடக்கத்திலேயே இரு மாதங்களுக்கான முன்பண மானியத்தைப் பெற்றுவிடுவது விவேகம். அரசைத் தோற்கடிக்கும் உரிமை அவைக்கு வேண்டும். அதன் விலையைப் பனியன் தொழிலாளி தரக் கூடாது.